வீட்டுக்குள் ஒரு சிறு வழங்கி: குடும்பப் படங்களையும் ஆவணங்களையும் எமது கையில் வைத்திருப்பது எப்படி?

இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்றிடம் எதைக் கொண்டு வந்தீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு பொலித்தீன் பையைப் பற்றித்தான் கதை வரும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பரீட்சைப் பெறுபேறு, இடமிருந்தால் கலியாணப் படம் ஒன்று. அந்தப் பையை வழியில் தவறவிட்டவர்கள் பிறகு பிரதேச செயலகத்துக்கும் காணிப் பதிவகத்துக்கும் வருடக்கணக்கில் அலைந்தார்கள். சான்றிதழ்களுக்குப் பிரதி கிடைத்தது. படங்களுக்குப் பிரதி கொடுக்க எந்த அலுவலகமும் இருக்கவில்லை.

இன்று அந்தப் பை கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டது. பிள்ளைகளின் படங்கள், வெளிநாட்டிலிருந்து சகோதரர்கள் அனுப்பிய பழைய படங்களின் பிரதிகள், உறுதியை எடுத்த படம், காணாமல் ஆக்கப்பட்டவருக்காகப் பல அலுவலகங்களில் கொடுத்த முறைப்பாடுகளின் பற்றுச்சீட்டுகள் எல்லாம் ஒரே தொலைபேசியில் கிடக்கின்றன. தொலைபேசி கிணற்றுக்குள் விழுந்தால், களவு போனால், அல்லது ஒரு நாள் திறக்காமல் விட்டால் மீண்டும் அதே கதைதான்.

1981 மே 31ஆம் திகதி இரவு எரியத் தொடங்கிய யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் இருந்ததாகச் சொல்லப்படுகிறது. வேறு இடத்திலும் பிரதி இருந்த நூல்களைப் பின்னர் தேடி வாங்க முடிந்தது. அங்கு மட்டுமே இருந்த ஏடுகளும் கையெழுத்துப் பிரதிகளும் போனது போனதுதான். எங்கள் வீட்டுப் படங்களுக்கும் இது பொருந்தும். ஒரே இடத்தில் மட்டும் இருக்கும் பொருள் இழப்பதற்கு மிக எளிது.

அதற்கான வழிகளில் ஒன்றை இக்கட்டுரை விளக்குகிறது. உள்ளங்கை அளவுள்ள, மிகக் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் ஒரு கணினியை வீட்டிலேயே வழங்கியாக, அதாவது சேர்வராக, அமைத்துக்கொள்வதுதான் அது.

வழங்கி என்றால் என்ன?

எப்போதும் இயங்கிக்கொண்டிருந்து, மற்றக் கருவிகள் கேட்கும்போது கோப்புகளை வாங்கி வைத்தும் எடுத்துக் கொடுத்தும் உதவும் கணினிதான் வழங்கி. நீங்கள் கூகிளிலோ பேஸ்புக்கிலோ ஏற்றும் படமும் ஏதோவொரு நாட்டிலுள்ள வழங்கியில்தான் இருக்கிறது. வீட்டு வழங்கியில் அந்தக் கணினி உங்கள் அலுமாரியின் மேல் இருக்கும். வேறுபாடு அவ்வளவுதான்.

கூகிள் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, இடம். 2021 ஜூன் 1 முதல் கூகிளில் ஏற்றும் படங்கள் யாவும் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிகாபைட்டுக்குள் கணக்கிடப்படுகின்றன. மின்னஞ்சலும் அதற்குள்தான். இரண்டாவது, இரண்டு வருடங்கள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை அழிக்கும் விதியை அந்நிறுவனம் 2023இன் இறுதியிலிருந்து நடைமுறைப்படுத்துகிறது. இறந்துபோன ஒருவரின் கணக்கை யாரும் திறக்காமல் விட்டால், அதிலுள்ள படங்களும் போய்விடலாம். மூன்றாவது, இணைப்பு. 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் இந்நாட்டில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டதை நாம் பார்த்தோம். வீட்டுக்குள் இருக்கும் வழங்கிக்கு இணையமே தேவையில்லை. வீட்டு வைபை வேலை செய்தால் போதும். அதைவிட, தொலைபேசியிலிருந்து வீட்டு வழங்கிக்குப் படம் ஏற்றும்போது டேட்டா செலவாகாது.

இதற்காகக் கூகிளை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. அதுவும் ஒரு பிரதியாக இருக்கட்டும். அதுமட்டுமே பிரதியாக இருப்பதுதான் ஆபத்து.

எந்தக் கருவியைத் தெரிவு செய்வது?

இந்த வேலைக்கு அதிகம் அறியப்பட்டது ராஸ்பெரி பை. பிள்ளைகளுக்குக் கணினி நிரலாக்கம் கற்பிப்பதற்காக இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உருவாக்கப்பட்ட இச்சிறு கணினி 2012 பெப்ரவரி 29ஆம் திகதி முதன்முதலில் விற்பனைக்கு வந்தது. பை 4 2019இலும் பை 5 2023இலும் வெளியாகின. வீட்டுக் கோப்புகளைச் சேமிக்க பை 4 தாராளமாகப் போதும். நினைவகம் 4 ஜிகாபைட் உள்ளதாக வாங்கினால் பின்னர் வேறு வேலைகளையும் சேர்க்கலாம்.

வாங்கப் பணம் இல்லையென்றால், பழுதான திரையோடு மூலையில் கிடக்கும் பழைய மடிக்கணினியும் உதவும். பற்றரி இன்னும் கொஞ்சம் பிடிக்குமென்றால், மின்வெட்டின்போது அதுவே தாங்கிக்கொள்ளும். ஆனால் வீங்கிய பற்றரி உள்ளதை ஒருபோதும் இரவும் பகலும் ஓடவிடக் கூடாது. அது தீப்பிடிக்கும். கந்தோர்கள் கழித்துவிடும் சிறிய மேசைக்கணினிகளும் நல்ல தெரிவு.

பையுடன் சேர்த்து வாங்க வேண்டியவை:

• தரமான மின்வழங்கி. பை 4க்கு 5 வோல்ட், 3 அம்பியர். தொலைபேசிச் சார்ஜர் போதாமல், கணினி இடைக்கிடை நின்று போவதே புதியவர்கள் சந்திக்கும் முதல் பிரச்சினை.
• 32 ஜிகாபைட் மெமரி கார்ட் ஒன்று. இது இயங்குதளத்துக்கு மட்டும்.
• யூ.எஸ்.பி.யில் இணைக்கும் 1 டெராபைட் எஸ்.எஸ்.டி. அல்லது வன்தட்டு. படங்களும் ஆவணங்களும் இதில்தான் இருக்க வேண்டும். மெமரி கார்ட் அடிக்கடி எழுதி அழிக்கும் வேலைக்கு நீண்ட காலம் தாங்காது.
• வெப்பம் கடத்தும் உறையும் சிறு விசிறியும். பை 4 சுமார் 80 பாகை செல்சியஸை எட்டியதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தகரக் கூரை வீட்டில் சித்திரை வெயிலுக்கு இது முக்கியம்.
• ரவுட்டருடன் இணைக்க ஒரு லான் கேபிள்.

படம் ஒன்று 4 மெகாபைட் என்று வைத்தால், 5,000 படங்களுக்கு 20 ஜிகாபைட் போதும். 1 டெராபைட் என்பது ஒரு குடும்பத்துக்கு நிறையவே காணும். காணொளிகள்தான் இடத்தைப் பிடிக்கும்.

மின்கட்டணம் எவ்வளவு கூடும்?

பை 4 சும்மா இருக்கும்போது சுமார் 3 வாட்டும், முழுமூச்சாக வேலை செய்யும்போது 6 அல்லது 7 வாட்டும் எடுக்கும். எஸ்.எஸ்.டி.யையும் சேர்த்துச் சராசரி 5 வாட் என்று கொண்டால், 30 நாளும் 24 மணி நேரமும் ஓடினாலும் 3.6 அலகுதான். 15 வாட் எடுக்கும் பழைய மடிக்கணினி என்றால் மாதம் 10.8 அலகு. 60 வாட் எடுக்கும் சாதாரண மேசைக்கணினியை இப்படி ஓடவிட்டால் 43 அலகு வரும். இலங்கையில் அலகுப் படிநிலை மாறும்போது முழுப் பட்டியலின் தொகையும் ஏறுவதால், கடந்த மாதங்களின் பட்டியலை எடுத்து, உங்கள் வீடு எந்தப் படியின் விளிம்பில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்.

அமைக்கும் முறை

கணினி ஓரளவு பழகிய ஒருவருக்கு இது ஒரு சனிக்கிழமை வேலை. வீட்டில் தகவல் தொழினுட்பம் படிக்கும் பிள்ளை இருந்தால் அவரையே செய்யவிடலாம்.

1. வேறொரு கணினியில் ராஸ்பெரி பை இமேஜர் என்ற இலவச மென்பொருளை நிறுவி, அதன் மூலம் மெமரி கார்ட்டில் ராஸ்பெரி பை ஓ.எஸ். லைட் 64 பிட் பதிப்பை எழுதுங்கள். எழுதும் முன் அது கேட்கும் அமைப்புகளில் கணினிக்கு ஒரு பெயர், பயனர் பெயர், நீளமான கடவுச்சொல், கொழும்பு நேர வலயம் ஆகியவற்றைக் கொடுத்து, எஸ்.எஸ்.எச். என்ற தொலைவிலிருந்து இயக்கும் வசதியையும் திறந்துவிடுங்கள். இதனால் பைக்குத் தனியாகத் திரையோ விசைப்பலகையோ தேவைப்படாது.

2. கார்ட்டைப் பையில் செருகி, லான் கேபிளால் ரவுட்டருடன் இணைத்து, மின்சாரம் கொடுங்கள். சில நிமிடங்களில் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் அதன் பெயர் தெரியும். அங்கேயே அதற்கு நிலையான ஐ.பி. முகவரி ஒன்றை ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் முகவரி மாறி, வழங்கியைத் தேட வேண்டிவரும்.

3. மடிக்கணினியிலிருந்து எஸ்.எஸ்.எச். வழியாக உள்ளே சென்று, எல்லா மென்பொருள்களையும் புதுப்பியுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் எஸ்.எஸ்.எச். ஏற்கனவே இருக்கிறது. பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தாமாக நிறுவப்படும்படி செய்துவிடுங்கள்.

4. ஓபன்மீடியாவோல்ட் என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். அதன்பின் பெரும்பாலான வேலைகளைக் கட்டளைகள் இல்லாமல் உலாவியிலேயே செய்யலாம். இது லைட் பதிப்பின் மேல்தான் நிறுவப்பட வேண்டும். உள்நுழைந்தவுடன், அதனுடன் வரும் பொதுக் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

5. எஸ்.எஸ்.டி.யை இணைத்து ஈ.எக்ஸ்.டி.4 முறையில் வடிவமையுங்கள். இது அதிலுள்ள யாவற்றையும் அழித்துவிடும். ஏற்கனவே படங்கள் உள்ள வன்தட்டை இதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

6. ஒவ்வொருவருக்கும் ஒரு பயனர் கணக்கையும், எல்லோருக்கும் பொதுவான கோப்புறை ஒன்றையும் உருவாக்கி, சம்பா சேவையைத் திறந்துவிடுங்கள். இனி வீட்டிலுள்ள கணினிகளில் அது சாதாரணக் கோப்புறையாகவே தெரியும்.

இதை ஒரு மாதம் பழகிய பிறகு நெக்ஸ்ட்கிளவுட்டைச் சேர்க்கலாம். அதன் செயலி அன்ட்ரோயிட், ஐபோன் இரண்டுக்கும் உண்டு. தொலைபேசியில் எடுக்கும் படங்களைத் தானாகவே வழங்கியில் ஏற்றிவிடும். எல்லாவற்றையும் முதல் நாளே நிறுவப் போனால் எங்கே பிழைத்தது என்று தெரியாமல் களைத்துப் போவீர்கள்.

மின்வெட்டு

2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறக்கவில்லை. வழங்கிக்கு நீண்ட மின்வெட்டை விடத் திடீரென்று போய்வரும் மின்சாரம்தான் கெடுதி. ஒரு கோப்பு எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் அந்தக் கோப்பும், சில வேளைகளில் மெமரி கார்ட்டும் கெட்டுவிடும்.

5 வாட் கருவிக்குப் பெரிய யூ.பி.எஸ். தேவையில்லை. 10,000 மில்லியம்பியர் மணிப் பவர் பாங்க் ஒன்றில் இருப்பது 37 வாட் மணிச் சக்தி. மாற்றத்தில் வீணாவது போக, பையை ஐந்து மணி நேரமளவில் ஓட்டும். ஆனால் எல்லாப் பவர் பாங்க்குகளும் தாம் சார்ஜ் ஆகிக்கொண்டே மின்சாரம் கொடுப்பதில்லை. சிலவற்றில் மாறும் கணத்தில் ஒரு துண்டிப்பு ஏற்பட்டுப் பை அணைந்து மீண்டும் எழும். வழங்கியில் எதையும் சேமிக்கும் முன், சுவிட்சை நிறுத்திப் பலமுறை சோதியுங்கள். ரவுட்டருக்கென 12 வோல்ட் கொடுக்கும் சிறு யூ.பி.எஸ். தனியாக வேண்டும். அது நின்றால் வழங்கி ஓடினாலும் எட்ட முடியாது. இடி மின்னல் காலத்தில் இரண்டையும் முறையாக அணைத்து, செருகியைக் கழற்றி வைப்பதே நல்லது.

வெளியிலிருந்து எட்டுவதும் பாதுகாப்பும்

வழங்கி வீட்டுக்குள் மட்டும் தெரியும்வரை ஆபத்து குறைவு. இணையத்தில் திறந்துவிட்டால், உலகின் எந்த மூலையிலிருந்தும் கதவைத் தட்டுவார்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாமல் விடப்பட்ட கமராக்களையும் ரவுட்டர்களையும் பெருந்தொகையாகக் கைப்பற்றியது. ஆகவே ரவுட்டரில் வாசல்களைத் திறந்துவிடும் முறையைத் தவிருங்கள். 4ஜி இணைப்பு உள்ள வீடுகளில் அது பெரும்பாலும் வேலை செய்வதுமில்லை. ஏனெனில் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பங்கிட்டுக்கொள்கிறார்கள்.

இரண்டுக்கும் தீர்வு வயர்கார்ட் முறையிலான தனிச் சுரங்கம். அதை எளிதாக்கும் டெயில்ஸ்கேலைத் தனிநபர்கள் இலவசமாகப் பயன்படுத்தலாம். வழங்கியிலும் குடும்பத்தினரின் தொலைபேசிகளிலும் நிறுவினால், ரொறன்ரோவில் இருக்கும் மகளும் சூரிச்சில் இருக்கும் தம்பியும் வீட்டில் இருப்பதுபோலவே கோப்புகளைப் பார்க்கலாம். வேறு யாருக்கும் வாசல் தெரியாது.

கருவியையே யாராவது தூக்கிக்கொண்டு போனால் என்ன செய்வது? வட்டு முழுவதையும் மறைகுறியாக்கம் செய்து வைத்தால் கடவுச்சொல் இல்லாமல் யாரும் படிக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு முறை மின்சாரம் போய்வந்த பிறகும் அந்தக் கடவுச்சொல்லை நீங்களே கொடுக்க வேண்டும். மறந்தால் உங்களாலும் திறக்க முடியாது. பை 4இல் இதற்கான தனி வன்பொருள் வசதி இல்லாததால் வேகமும் குறையும். பை 5இல் அந்த வசதி உண்டு. குடும்பப் படங்களுக்கு இது தேவையா என்பது உங்கள் முடிவு. மற்றவர்களின் வாக்குமூலங்களோ சாட்சியங்களோ உங்களிடம் இருந்தால் கட்டாயம் தேவை. அவற்றை இணையத்தோடு தொடர்பில்லாத வட்டில் வைப்பது இன்னும் நல்லது. யாருடைய கதையோ, அவருடைய சம்மதம் இல்லாமல் பொதுக் கோப்புறையில் போடக் கூடாது.

ஒரு வழங்கி மட்டும் காப்பு அல்ல

பலர் தவறவிடும் இடம் இதுதான். படங்களைத் தொலைபேசியிலிருந்து வழங்கிக்கு நகர்த்தி, தொலைபேசியில் அழித்துவிட்டால், மீண்டும் ஒரே இடத்தில்தான் அவை இருக்கின்றன. பீற்றர் குரோ என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பிரபலப்படுத்திய எளிய கணக்கு ஒன்று உண்டு. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, அவற்றில் ஒன்று வேறு இடத்தில்.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். முதல் பிரதி வழங்கியில். இரண்டாவது, மாதம் ஒரு முறை இணைத்துப் பிரதி எடுத்துவிட்டுக் கழற்றி வைக்கும் வன்தட்டில். மூன்றாவது வேறு ஊரில் அல்லது வேறு நாட்டில். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் வீட்டில் இன்னொரு பை இருந்தால், ரெஸ்டிக் போன்ற இலவச மென்பொருள் மூலம் இரவில் மறைகுறியாக்கப்பட்ட பிரதியை அங்கு அனுப்பலாம். இணைப்பு மெதுவென்றால், விடுமுறைக்கு வந்து திரும்புபவரிடம் ஒரு வன்தட்டைக் கொடுத்துவிடுங்கள். வெள்ளமோ தீயோ இடப்பெயர்வோ இரண்டு கண்டங்களை ஒரே நாளில் தாக்காது.

ஒத்திசைவும் காப்பும் வேறு வேறு. ஒத்திசைவில், ஒரு பக்கத்தில் பிள்ளை தவறுதலாக அழித்தால் மறுபக்கத்திலும் அழிந்துவிடும். பழைய பதிப்புகளை வைத்திருப்பதே காப்பு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, காப்பிலிருந்து பத்துப் படங்களை எடுத்துத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத காப்பை நம்ப முடியாது.

எதை முதலில் சேர்ப்பது?

இன்னொன்று கிடைக்காதவற்றை முதலில் சேருங்கள். இறந்தவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படங்கள், கடிதங்கள், குரல் பதிவுகள். அடுத்து மனித உரிமைகள் ஆணைக்குழு, காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் முதலிய இடங்களில் கொடுத்த முறைப்பாடுகளும் அவற்றின் இலக்கங்களும். அதன்பின் காணி உறுதி, அனுமதிப்பத்திரம், சான்றிதழ்கள். டிஜிட்டல் பிரதி மூலப்பத்திரத்துக்குச் சட்டத்தில் ஈடாகாது. ஆனால் உறுதி இலக்கமும் திகதியும் நொத்தாரிசின் பெயரும் கையில் இருந்தால் பதிவகத்தில் தேடுவது எவ்வளவோ எளிது.

பத்திரங்களை 300 டி.பி.ஐ.யிலும் சிறிய படங்களை 600 டி.பி.ஐ.யிலும் ஸ்கான் செய்யுங்கள். ஸ்கானர் இல்லாவிட்டால் பகல் வெளிச்சத்தில், நிழல் விழாமல், தொலைபேசியால் நேராக எடுத்தாலும் போதும். வட்ஸ்அப்பில் வரும் படங்கள் தரம் குறைந்து வருவதால், மூலப்படத்தை ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். கோப்பின் பெயரில் வருடத்தை முதலில் போட்டு, பிறகு இடத்தையும் ஆட்களின் பெயரையும் எழுதுங்கள். யுனிகோட் தமிழில் பெயரிடுவதில் எந்தச் சிக்கலும் இல்லை. ஊர் மலர்கள், சங்க அறிக்கைகள், பழைய சஞ்சிகைகள் போன்ற பொதுப் பெறுமதியுள்ளவை இருந்தால், 2005 முதல் ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்தி வரும் நூலகம் திட்டத்துக்கும் ஒரு பிரதி கொடுக்கலாம்.

கருவி வாங்கும் வரை இந்தக் கடைசி வேலை காத்திருக்க வேண்டியதில்லை. பையை அடுத்த மாதமும் வாங்கலாம், அடுத்த வருடமும் வாங்கலாம். பழைய படத்தில் மூன்றாவதாக நிற்கும் பெண் யார், அது எந்த ஊர்க் கோயில் முன்றல் என்று சொல்லக்கூடிய அம்மம்மா எத்தனை காலம் இருப்பார் என்பது யாருக்கும் தெரியாது. இன்று மாலை அவர் பக்கத்தில் இருந்து, படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, சொல்வதைத் தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். வழங்கி வந்த பிறகு அதில் ஏற்றும் முதல் கோப்பு அதுவாக இருக்கட்டும்.